ஏரிக்கரையில் நீச்சல் குளம்: அனுமதிக்கு முன் அளக்க வேண்டியவை

ஏரிக்கரையில் வீடோ விடுதியோ கட்டுவோர் அதனோடு நீச்சல் குளம் ஒன்றையும் அமைக்க விரும்புதல் இயல்பு. அதற்கான அனுமதி மனுவை ஆராய வேண்டிய கள ஊழியர், குளம் ஏரியிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் அமையும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். நாடாவைப் பிடித்து இதனை எளிதில் கூறிவிடலாம் எனத் தோன்றும். ஆயினும் நாடாவின் ஒரு முனையை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் உள்ளது. நீரின் விளிம்பு மாதந்தோறும் இடம் மாறுகின்றது.

ஏரியின் எல்லை எது?

போபால் நகரின் மேல் ஏரியை எடுத்துக்கொள்வோம். 11-ஆம் நூற்றாண்டில் போஜ மன்னர் கோலான்ஸ் ஆற்றின் குறுக்கே மண் அணை எழுப்பி இதனை உண்டாக்கினார் என்பர். இதுவும், 1794-இல் அமைந்த கீழ் ஏரியும் சேர்ந்து போஜ் ஈரநிலம் என வழங்கும். 2002-இல் இது ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. நகர மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல் ஏரி மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் சுருங்கும்.

இத்தகைய ஏரியின் கரை ஓரிடத்தில் 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்னும் சரிவில் உள்ளது எனக் கொள்வோம். அங்கே நீர்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் நீரின் விளிம்பு 50 மீட்டர் உள்வாங்கும். மே மாதத்தில் பார்வையிடும் ஊழியர் நீரின் விளிம்பிலிருந்து 60 மீட்டர் அளந்து, தொலைவு போதுமானது என எழுதுகிறார். மழைக்குப்பின் நீர் 1 மீட்டர் உயரும்போது அந்த 60 மீட்டர், 10 மீட்டராகக் குறுகிவிடும். நாடா பிழை செய்யவில்லை. தொடங்கிய இடமே பிழையானது.

விதி கூறுவது

மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள் இதனை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. அவ்விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை நீங்கலாக, நிலையான கட்டுமானம் எதுவும் கூடாது. கான்கிரீட் குளம் நிலையான கட்டுமானமே என்பதில் ஐயமில்லை. ராம்சார் பட்டியலிலுள்ள ஈரநிலங்களுக்கும், இவ்விதிகளின்கீழ் அறிவிக்கப்பட்டவற்றிற்கும் இத்தடை பொருந்தும்.

பிற ஏரிகளுக்கு அந்தந்த நகரின் வளர்ச்சித் திட்டத்தைப் பார்த்தல் வேண்டும். இவ்வளவுகள் மாறக்கூடியவை. பெங்களூருவில் 2015-ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம் ஏரியைச் சுற்றி 30 மீட்டர் ஒதுக்கியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் அதனை 75 மீட்டராக உயர்த்தியது. உச்சநீதிமன்றம் 2019 மார்ச்சில் அவ்வுயர்வை நீக்கியது. ஆதலின் பழைய கோப்பைப் பின்பற்றாமல், நடைமுறையிலுள்ள விதியை ஒவ்வொரு முறையும் சரிபார்த்தல் அவசியம்.

நிலத்தடி நீரின் விசை

தொலைவு சரியாக இருப்பினும் ஆய்வு முடிந்துவிடாது. ஏரி நிரம்பும்போது கரையோர மண்ணிலும் நீர் உயரும். வெளி அளவில் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட குளம் ஒன்றின் அடித்தளத்திற்கு மேல் 1 மீட்டர் உயரத்திற்கு நிலத்தடி நீர் நின்றால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி 50 டன் விசை அதனை மேல்நோக்கித் தள்ளும். அடியும் சுவரும் 15 சென்டிமீட்டர் கனமும், சுவர் 1.5 மீட்டர் உயரமும் உடையதாயின் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 34 டன்னே. நீர் நிறைந்துள்ளபோது இக்குளம் அசையாது. மழைக்காலத்தில் தூய்மை செய்வதற்காக வெறுமையாக்கினால் மேலெழும்பலாம், வெடிக்கலாம். அடித்தளத்தைக் கனமாக்குதல், வெளிநீர் மிகும்போது திறந்து அழுத்தத்தைத் தணிக்கும் அடைப்பிதழைப் பொருத்துதல் ஆகியவை தடுக்கும் வழிகளாம். வரைபடத்தில் இவை காட்டப்பட்டுள்ளனவா எனக் காணுதல் வேண்டும்.

கழிவுநீர் எங்கே செல்லும்?

குளத்து நீரில் பொதுவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குச் சற்று மிகுதியாகவோ குளோரின் நிற்கும். குளிப்போருக்கு இது காப்பு. மீனுக்கோ இது நஞ்சு. நன்னீர் உயிர்களைக் காப்பதற்கு அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த நான்கு நாள் சராசரி வரம்பு லிட்டருக்கு 0.011 மில்லிகிராம். குளத்து நீர் இவ்வரம்பினும் ஏறத்தாழ 90 மடங்கு கடியது. குளத்தை வெறுமையாக்கும் நீரும், வடிகட்டியில் எதிர்த்திசையாக நீர் செலுத்திக் கழுவும்போது வரும் நீரும் ஏரிக்குச் செல்லும் ஓடையில் விழலாகாது. திறந்த தொட்டியில் தேக்கிக் குளோரின் நீங்கியதைச் சோதித்த பின்னரே அதனை வெளியேற்றுதல் தகும்.

வகுப்பறையில் இரு சோதனைகள்

ஆசிரியர் ஒரு நீண்ட தட்டின் ஒரு முனையைச் சற்றே உயர்த்தி நீர் ஊற்றுவாராக. நீரின் ஆழம் சிறிதே கூடும்போது விளிம்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை மாணவர் அளவுகோலால் அளக்கலாம். அடுத்து, வெறும் தகரக் கிண்ணத்தை வாளி நீரில் அழுத்தி, நீர் மேல்நோக்கித் தள்ளுவதைக் கையால் உணரலாம். அதே கிண்ணத்தில் நீர் நிரப்பி அழுத்தினால் வேறுபாடு விளங்கும்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை

பார்வையிட்ட நாள், அன்றைய நீர்மட்டம், பதிவேட்டின்படி சராசரி உயர் வெள்ள மட்டம், மட்டக்கருவியால் அம்மட்டத்தைக் கரையில் குறித்து அங்கிருந்து அளந்த தொலைவு, மழைக்குப்பின் நிலத்தடி நீரின் ஆழம், கழிவுநீர் செல்லும் வழி ஆகிய ஆறும் அறிக்கையில் இடம்பெறுதல் வேண்டும். குறித்த இடம் தகாதாயின், மண் வெட்டுமுன் அதனை மனுதாரருக்குத் தெரிவித்தல் நலம். அப்போது அவர் வரைபடத்தை மட்டும் மாற்றினால் போதும். கட்டிய குளத்தை இடிக்க நேர்ந்தால் அவருடைய பொருள் அழியும்; இடிக்காமல் விட்டால் அனைவரும் பருகும் நீர் கெடும்.