மழையும் மரவட்டையும்

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த மறுநாள் காலையில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வீடுகளின் குளியலறைச் சுவரில் கருஞ்செம்மை நிறத்தில் ஏதோ ஊர்ந்து செல்வதைக் காணலாம். சிறுவர்கள் அதை ரயில் பூச்சி என்பார்கள். பெரியவர்கள் மரவட்டை என்பார்கள். உடனே உப்பு வரும், மண்ணெண்ணெய் வரும், இப்பொழுது டப்பாவில் அடைத்த பூச்சிமருந்தும் வரும். இவை எதுவும் தேவையில்லை. ஏன் என்பதை உங்கள் பௌதிகப் பாடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். பூரானையும் மரவட்டையையும் ஒன்றென எண்ணி அஞ்சுவோர் பலர். பூரானின் உடல் தட்டையானது. கணுவுக்கு ஓரிணைக் கால்கள். அவை பக்கவாட்டில் நீண்டிருக்கும். தொட்டால் விரைந்து ஓடும். தலையருகே நச்சுக் கொடுக்குகள் உண்டு. கடித்தால் கடுமையாக வலிக்கும். மரவட்டையோ உருளை வடிவினது. முன்பக்கத்துச் சில வளையங்கள் நீங்கலாக, வளையத்துக்கு ஈரிணைக் கால்கள் உடலின் அடியில் இருக்கும். தொட்டால் கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டுகொள்ளும். அதற்கு நச்சுக் கொடுக்கு இல்லை. ஆயிரங்கால் பூச்சி என்ற பெயர் மிகையே! உண்மையில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் இனம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில், கனிமம் தேடித் துளைத்த குழியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த அதற்கு 1306 கால்கள்.

அது நடக்கும்போது பக்கவாட்டில் உற்று நோக்குங்கள். வாலிலிருந்து தலை நோக்கி அலைகள் ஓடும். ஒவ்வொரு காலும் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகிறது. அலைதான் உடல் நெடுக நகர்கிறது. வகுப்பில் கயிற்றை உதறிக் காட்டுவதைவிட இது நல்ல செய்முறை என்பேன். பல கால்கள் ஒரே சமயத்தில் தரையில் ஊன்றியிருப்பதால் வேகம் குறைவு, தள்ளுவிசை அதிகம். ஈரமண்ணையும் சருகையும் முட்டித் தள்ளிப் புகுவதற்கு அதுவே வேண்டும்.

இனி, அது வீட்டுக்குள் வருவானேன்? பூச்சிகளின் மேலோட்டில் நீர் ஆவியாகாமல் காக்கும் மெழுகுப்படலம் உண்டு. மரவட்டைகளில் அப்பாதுகாப்பு குறைவு. பெரும்பாலான மரவட்டைகளால் சுவாசத் துளைகளை இறுக மூடவும் இயலாது. ஆகவே உலர்ந்த காற்றில் அவை விரைவில் நீரை இழக்கின்றன. ஓர் உருளையின் வளைபரப்பைக் கன அளவால் வகுத்தால் 4/விட்டம் என்று வரும். 8 மி.மீ. தடித்த மரவட்டைக்கு இது மி.மீ.க்கு 0.5, 1 மி.மீ. தடித்த குஞ்சுக்கு 4. குஞ்சு எட்டு மடங்கு எளிதில் காயும் நிலையில் உள்ளது. சருகின் ஈரமே அவற்றுக்குப் புகலிடம்.

ஈரம் மிகுந்தாலும் ஆபத்துதான். மண்ணின் இடைவெளிகளை மழைநீர் நிரப்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் அந்நீரில் பரவும். மூச்சு முட்டும் மரவட்டை மேடு தேடி ஏறுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின் இவ்வட்டாரத்தில் வயல்களும் புன்செய்களும் மனைகளாகிவந்துள்ளன. வீடு கட்டி முடிந்தும் சுவரோரம் கிடக்கும் சென்ட்ரிங் பலகை, சவுக்குக் கம்பு, சருகுக் குவியல், பக்கத்தில் நீர் தேங்கும் காலிமனை. ஏறிவர அருகிலுள்ள மேடு நம் வாசற்படிதான்!

உள்ளே வந்ததன் கதி என்ன? மின்விசிறிக் காற்று உடலைச் சுற்றிய ஈரக்காற்றை அகற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் மூலையில் சுருண்டு காய்ந்துவிடும். அது நம் உணவைத் தேடி வரவில்லை. மட்கும் இலையே அதன் உணவு. மருந்தடித்தால் உள்ளே வந்த பத்து சாகும், வெளியே உள்ளவை வந்துகொண்டேயிருக்கும். நால்வர் படுத்துறங்கும் ஒற்றை அறையில் மருந்தின் நெடிதான் மிச்சம். துடைப்பமும் முறமும் போதும். சுவரை ஒட்டிய சருகையும் பலகையையும் அகற்றுங்கள், ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள், கதவடி இடுக்கை அடையுங்கள்.

கூரை வீடுகளில் கதை வேறு. முதுகில் சிவப்புக் கோடுள்ள ஸெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் என்ற இனம் தென்னிந்தியக் கிராமங்களில் ஓலைக் கூரையிலேயே தங்கிவிடும். மட்கிய ஓலையே அதற்கு வீடும் உணவும். ஓலையை மாற்றுவதே வழி.

ஓர் எச்சரிக்கை. வெறுங்கையால் நசுக்காதீர்கள். பல இனங்கள் பென்சோகுயினோன் கலந்த எரிச்சலூட்டும் திரவத்தைக் கசியவிடும். தோலில் பழுப்புக் கறை படியும், சிலருக்குக் கொப்புளமும் வரும். சோப்பிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், நிறையத் தண்ணீரால் அலசி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதைச் செய்து பாருங்கள். ஒரு தட்டின் பாதியில் நனைத்த துணியையும், மறுபாதியில் உலர்ந்த துணியையும் விரியுங்கள். அட்டைத் துண்டால் ஏந்தி வந்த பத்து மரவட்டைகளை நடுவில் விட்டு, அரைமணி கழித்து எந்தப் பக்கம் எத்தனை என எண்ணுங்கள். ஒன்று நடக்கும்போது, அடுத்தடுத்த இரு அலைமுகடுகளுக்கு இடையே எத்தனைக் கால்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அலைநீளத்தைக் கால்களால் அளந்தவர் ஆவீர்கள். பிறகு அவற்றைத் தோட்டத்துக் குப்பைக்குழியில் விட்டுவிடுங்கள்.