முள்ளந்தண்டைப் பேணுவோம்

மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்வது முள்ளந்தண்டாகும். பொதுவாக 33 முள்ளென்புகள் கொண்ட இதில் கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5 என 24 அசையக்கூடியவை. அவற்றின் கீழே திருவென்பில் 5 உம் குயிலலகில் 4 உம் ஒன்றிணைந்துள்ளன. முள்ளென்புகளுக்கிடையேயுள்ள வட்டத்தட்டுகள் மெத்தைபோல் அதிர்ச்சியைத் தாங்குகின்றன.

அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்குவோர் முழங்காலை மடக்காது குனிவதுண்டு. பாரம் உடலைவிட்டு விலக விலக, துலாவின் நுனியில் தொங்கும் சுமைபோல, நாரியில் அதன் அழுத்தம் பன்மடங்காகும். அப்போது வட்டத்தட்டு பிதுங்கி நரம்பை நெருக்கினால் நோவு கால்வரை இறங்கும். காலில் பலம் குறைந்தாலோ, சலம் அடைபட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

ஆகவே, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பாரத்தை நெஞ்சோடு அணைத்து, கால்வலுவால் எழும்புதல் வேண்டும். பெரிய மூட்டையை இருவராகத் தூக்குதலே நன்று.