தறி இறக்கும் முன் தரையைப் பாருங்க: சொரசொரப்பான கான்கிரீட் தரையைச் சீராக்கும் முறை

போளூர், தேவிகாபுரம், ஆரணி வட்டாரத்தில் பட்டு நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிற தொழில். பிள்ளைகள் வளர்ந்து வீட்டில் இடம் போதாமல் போனால், அடுத்த தறிக்கு முதலில் கண்ணில் படுவது வண்டி நிறுத்துகிற ஷெட்தான். கூரை இருக்கு, சுவர் இருக்கு, ஒரு லைட்டு இழுத்துட்டா போதும் என்று தோன்றும். தரையை யாரும் யோசிப்பதில்லை.

வண்டிக்குப் போட்ட தரைக்கும் தறிக்கு வேண்டிய தரைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வண்டி ஷெட் தரை வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும். தண்ணீர் வெளியே ஓட வாசல் பக்கம் சாய்வாகவும் இருக்கும். போதாக்குறைக்கு இன்ஜின் ஆயில் கறை. பெருக்கப் பெருக்க சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பும். அந்தத் தூசிதான் பட்டுக்கு எதிரி. சிமென்ட் காரத்தன்மை கொண்டது, பட்டோ புரத இழை. காரம் பட்டால் புரத இழை பலம் இழக்கும், பளபளப்பும் மங்கும். ஈரக் கையோடு சேர்ந்து சிமென்ட் தூசி பாவில் படிந்தால் பாதிப்பு இன்னும் கூடும். பாவு முழுவதும் கெட்டால், அதில் முடங்குவது ஒரு குடும்பத்தின் பல வாரச் சம்பாத்தியம்.

முதலில் சோதனை

கொத்தனாரைக் கூப்பிடும் முன் நீங்களே நான்கு விஷயங்களைப் பார்த்துவிடலாம். ஒரு ஆணியால் தரையைக் கீறுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் மேல்பரப்பு பலவீனம், லேசான கோடு மட்டும் விழுந்தால் தரை நல்லது. அடுத்து சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தில் மேல் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அதைப் பெயர்த்தே ஆக வேண்டும். மூன்றாவது, ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி கோர்த்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. கடைசியாக டியூப் லெவல் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை அங்குலம் சாய்வு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தரை மட்டமாகவும் கெட்டியாகவும் இருந்து, சொரசொரப்பு மட்டும்தான் குறை என்றால் செலவு குறைவு. மொசைக் பாலிஷ் போடுகிற மிஷினை வாடகைக்கு எடுத்து, முதலில் முரட்டுக் கல், பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ் கல் என்று மூன்று முறை தண்ணீர் விட்டு இழைத்தால் போதும். இடையில் தெரியும் ஊசித் துளைகளைச் சிமென்ட் பசையால் அடைத்து, காய்ந்த பின் அடுத்த கல். முடிவில் கடைகளில் ஃப்ளோர் ஹார்டனர் என்று விற்கிற சிலிகேட் திரவத்தைத் தடவலாம். அது கான்கிரீட்டில் மீதமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே இறுகும், தூசி கிளம்புவது நன்றாகக் குறையும். கண்ணாடி மாதிரி பளபளப்பு தறிக்கூடத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஈரக் காலோடு நடந்தால் வழுக்கும், விளக்கு வெளிச்சமும் கண்ணில் அடிக்கும். எபாக்சி பெயின்ட் என்று யாராவது சொன்னால், பிளாஸ்டிக் ஷீட் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறுகிற தரையில் அது கொப்பளித்து உரியும்.

சாய்வு இருந்தால் புதுத் தளம்தான்

தறி சமமாக நிற்க வேண்டும். சாய்வை இழைத்துச் சரிசெய்ய முடியாது. பழைய தரை மேல் புது கான்கிரீட் போட வேண்டும், குறைந்தது ஒன்றரை அங்குலம். "அதெல்லாம் எதுக்கு அண்ணே, மேலாப்ல அரை இஞ்ச் பூசிக் குடுத்துடறேன்" என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரை அங்குலப் பூச்சு தறிக்கால் அழுத்தத்தில் வெடித்து விட்டுப்போகும்.

10க்கு 12 அடி ஷெட், 12 அடி நீளத்தில் ஒன்றரை அங்குல சாய்வு என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப் பக்கம் ஒன்றரை அங்குலம், பள்ளப் பக்கம் மூன்று அங்குலம், சராசரி இரண்டேகால். 1:2:4 கலவைக்கு 4 மூட்டை சிமென்ட், சுமார் 10 கன அடி எம்-சாண்ட், 20 கன அடி சிப்ஸ் ஜல்லி பிடிக்கும். சிமென்ட் பாலுக்காக ஒரு மூட்டை சேர்த்து வாங்குங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்டை இதற்குப் போடக் கூடாது, அது ரொம்ப நைஸ்.

பழைய தரையை நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். ஆயில் இறங்கிய இடத்தைச் சோடா, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை என்றால், அந்த மேல்தோலையே செதுக்கி எடுத்துவிடுங்கள், எண்ணெய் மேல் சிமென்ட் பிடிக்காது. குழித்தறி என்றால் குழி வேலையை இப்போதே முடித்துவிட வேண்டும். குழியின் விளிம்பைக் கூராக விடாமல் உருட்டிப் பூசச் சொல்லுங்கள். முந்தின இரவு தரையை நன்றாக நனைத்து, காலையில் தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, சிமென்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் கான்கிரீட்டைக் கொட்ட வேண்டும்.

தூசி கிளப்புகிற தரைக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். கலவை இளக்கமாக இருந்தால் இழுக்கச் சுலபம் என்று சித்தாள் வாளி வாளியாக ஊற்றுவார். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி. கொட்டி மட்டப்பலகை இழுத்த பின் மேலே நீர் கசிந்து நிற்கும். அது போகும் வரை யாரும் கரணையைத் தொடக் கூடாது. அவசரப்பட்டு மேலே சிமென்ட் மாவு தூவி இழைக்கிற பழக்கம் நம்ம ஊரில் அதிகம். அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரியும். கட்டை விரலை அழுத்தினால் லேசான தடம் மட்டும் விழுகிற பதம் வந்ததும் மணியாஸ் கட்டை, அதன் பிறகு இரும்புக் கரணை.

மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14. நம்ம பக்கத்து வெயிலில் இரண்டு நாள் விட்டால்கூட மயிர்க்கோடாக வெடிக்கும். தறியை 28 நாள் கழித்து இறக்குவது நல்லது. அதற்கு முன் பிளாஸ்டிக் ஷீட் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

வேலை நடக்கும்போது

ஷெட்டை ஒட்டிய அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தால், பாவு அறுத்து முடிகிற நாள் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். முடியாவிட்டால் தறியைத் தார்பாய் போட்டு முழுக்க மூடுங்கள். தரை கழுவ ஆசிட் வேண்டவே வேண்டாம். அதன் புகை தறியின் இரும்பு அச்சைத் துருப்பிடிக்க வைக்கும்.

உலர்ந்த நிலையில் கான்கிரீட்டை இழைத்தால் கிளம்புவது சிலிக்கா தூசி. நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற தீராத நோய் வரும். தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் அறிவிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் இடம்பெற்றிருந்த நோய் இது. எனவே தண்ணீர் விட்டுத்தான் இழைக்க வேண்டும், இழைப்பவர் முகத்தில் என்-95 மாஸ்க் இருக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 18 முதல் 60 வயதுக்குட்பட்ட கொத்தனார், சித்தாள் போன்றோர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் கிடைக்கும்.

சிமென்ட் மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தயாரித்த வாரமும் மாதமும் அச்சாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். முத்திரை எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். சரக்கில் குறை, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பழைய ஷெட்டை மாற்றாமல் புதிதாகவே தறிக்கூடம் கட்ட நினைப்பவர்கள், தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தனிநபர் தறிக்கூடத்துக்கான உதவி பற்றித் தங்கள் நெசவாளர் கூட்டுறவு சங்கத்திலோ, சரகக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்திலோ கேட்கலாம். அஸ்திவாரம் தோண்டும் முன்பே போய்க் கேளுங்கள்.