ஓதமும் கடிகாரமும்: பாலாற்றிலிருந்து நராரா வரை

பழைய மைசூர் மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில், மாதேசுவரன் மலையிலிருந்து மேட்டூருக்கு இறங்கும் சாலையில், பாலாறு என்னும் ஊர் உள்ளது. 1997 முதல் இப்பகுதி சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். வேலூர் வழியாக ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் கலக்கும் ஒரு சிற்றாறு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், நீர்த்தேக்கம் நிறையும் காலங்களில் அதன் நீர் இவ்வூர்ப் பக்கம் வரை ஏறி நிற்கிறது, கோடையில் வடிந்துவிடுகிறது. இவ்வாறு ஏறுவதற்கும் வடிவதற்கும் பல நாள்கள், சில வேளைகளில் பல வாரங்கள் ஆகும். கரையிலுள்ள மீனவர் தம் பரிசலை மேட்டுக்கு இழுத்துக்கொள்ளப் போதிய அவகாசம் உண்டு.

இத்தகைய நீரையே கண்டு பழகிய ஒருவர் காரில் புறப்பட்டு, மைசூர், பெங்களூர், பூனா, பம்பாய், அகமதாபாத் வழியாக 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, குஜராத்தின் கட்சு வளைகுடாவை அடைகிறார் என்று கொள்வோம். அங்கே ஜாம்நகருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், வாடினார் துறைமுகத்துக்கு அருகில், நராரா என்னும் பவளத்திட்டு இருக்கிறது. இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக 1982-இல் அறிவிக்கப்பட்ட பகுதியில் இதுவும் அடங்கும். படகின்றிக் கால்நடையாகவே கடலின் அடித்தரையைக் காணக்கூடிய இடம் இது. ஆனால் அக்காட்சி சில மணி நேரமே கிட்டும். அதன்பின் தரை முழுவதும் மீண்டும் கடலாகிவிடும். இங்கு நடப்பவர் எப்பொழுது திரும்பவேண்டும் என்பதை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஓதம் தோன்றும் வகை

கடல்மட்டம் நாள்தோறும் முறையாக உயர்ந்து தாழ்வதை ஓதம் என்கிறோம். உயர்ந்த நிலையை ஏற்றம் என்றும், தாழ்ந்த நிலையை வற்றம் என்றும் கூறலாம். சந்திரனின் ஈர்ப்பு, பூமியின் மையத்தைக் காட்டிலும் சந்திரனை நோக்கிய பக்கத்தில் மிகுதியாகவும், எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் இருக்கிறது. இவ்வேறுபாட்டினால் இரு பக்கங்களிலும் கடல்நீர் உயர முற்படுகிறது. பூமி சுழல்வதால் பெரும்பாலான கடற்கரைகள் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றங்களையும் இரண்டு வற்றங்களையும் காண்கின்றன.

பூமி ஒருமுறை சுழல்வதற்குள் சந்திரனும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுகிறது. ஆகவே சந்திரன் மீண்டும் அதே உச்சிக்கு வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. ஒரு ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடைவெளி சராசரி 12 மணி 25 நிமிடம். ஏற்றத்திலிருந்து வற்றத்திற்கு ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகம்.

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் விசை சந்திரனது விசையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒன்றுசேர்வதால், அந்நாள்களை ஒட்டி நீர் மிகவும் ஏறி மிகவும் வற்றுகிறது. இதனை உவா ஓதம் எனலாம். அட்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற வற்ற வேறுபாடு சிறுத்துவிடும்.

கட்சு வளைகுடாவின் தனித்தன்மை

சென்னையில் உவா நாள்களிற்கூட இவ்வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டரே. எனவே தமிழ்நாட்டுக் கடற்கரையில் உலாவுவோர் ஓதத்தைப் பெரிதும் கருதுவதில்லை. கட்சு வளைகுடாவின் நிலை வேறு. அது மேற்கே அகன்று, கிழக்கே செல்லச் செல்லக் குறுகி, ஆழமும் குறைந்துகொண்டே போகிறது. அரபிக்கடலிலிருந்து உட்புகும் நீர், புனலில் ஊற்றியதுபோல் நெருக்குண்டு உயர்கிறது. வாயிலில் உள்ள ஓகாவில் உவா ஓதத்தின் சராசரி வேறுபாடு சுமார் 3 மீட்டர். நராராப் பக்கம் 4 மீட்டருக்கு மேல். உட்கோடியிலுள்ள காண்ட்லாவில் ஏறத்தாழ 6 மீட்டர். உலகில் மிகப்பெரிய ஓதம் கனடாவின் பண்டி விரிகுடாவில் நிகழ்கிறது. அங்கே வேறுபாடு 16 மீட்டரை எட்டுவதுண்டு. அவ்விரிகுடாவின் நீர் இயல்பாக ஊசலாடும் காலமும் ஓதத்தின் காலமும் ஏறத்தாழ ஒத்திருப்பது அதற்கு முக்கிய காரணமாகும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை

அறியாதவரை ஏமாற்றுவது நீரின் உயரம் மட்டுமன்று, அது ஏறும் முறையுமாகும். மாலுமிகள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏற்ற வற்ற வேறுபாட்டைப் பன்னிரண்டு பங்குகளாக்குக. வற்றத்திற்குப்பின் முதல் மணியில் 1 பங்கும், இரண்டாம் மணியில் 2 பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், ஐந்தாம் மணியில் 2 பங்கும், ஆறாம் மணியில் 1 பங்கும் நீர் உயரும்.

வேறுபாடு 4.8 மீட்டர் என்று கொண்டால் ஒரு பங்கு 40 சென்டிமீட்டர். முதல் மணியில் 40 சென்டிமீட்டரே உயர்வதைக் கண்டவர், "இன்னும் நேரம் இருக்கிறது" என்று எண்ணக்கூடும். இரண்டாம் மணி முடிவில் மொத்த உயர்வு 1.2 மீட்டர், மூன்றாம் மணி முடிவிலோ 2.4 மீட்டர். அஃதாவது, ஓர் ஆளை மூழ்கடிக்கும் உயரம். மேலும், திட்டின்மீது நிற்பவருக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளங்களும் ஓடைகளுமே முதலில் நிரம்புகின்றன. காலடி உலர்ந்திருக்கும்போதே வழி அடைபட்டுப் போகலாம். ஆகவே நீர் காலைத் தொடும்வரை காத்திராமல், வற்றத்தின் நேரம் வந்ததும் கரையை நோக்கித் திரும்பிவிடுதலே முறை.

கால அட்டவணை

இந்த வளைகுடாவுக்கு ஓத ஆராய்ச்சியில் ஒரு சிறப்பிடம் உண்டு. இங்கு நிலம் கடல்மட்டத்தை நோக்க உயர்கிறதா, தாழ்கிறதா என்பதைக் காணும்பொருட்டு, இந்திய நில அளவைத் துறையைச் சேர்ந்த பேர்டு என்னும் அதிகாரி 1870-களில் ஓகா, ஹன்ஸ்தல், நவானார் ஆகிய இடங்களில் ஓதமானிகளை நிறுவினார். 1879-இல் இந்தியத் துறைமுகங்களுக்கென ஓர் ஓதக் கணிப்புப் பொறி இங்கிலாந்தில் அமைக்கப்பட்டது. இந்திய ஓத அட்டவணையை இன்றும் நில அளவைத் துறையே ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது.

நெடும்பயணம் செய்பவர் ஒன்றை மறத்தலாகாது. புறப்படும் நாளில் வற்றம் காலை 7 மணிக்கு எனின், மூன்று நாள் கழித்து அது சுமார் 9 மணி 30 நிமிடத்திற்கு நிகழும். ஆயினும் இது சராசரிக் கணக்கே. காற்றும் நீர்மட்டத்தைச் சற்று மாற்றும். செல்லும் நாளுக்குரிய அட்டவணையைப் பார்த்து, வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியின் துணையும் பெற்றே இறங்குதல் வேண்டும்.

வற்றிய தரையில் கடற்சாமந்தி, நட்சத்திரமீன், பேத்தைமீன், பேய்க்கணவாய் முதலியவற்றைக் காணலாம். அவை நீர் திரும்பும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவை. பவளத்தின்மேல் கால் வைப்பதும், உயிர்களைக் கையில் எடுப்பதும் கூடா. ஓதத்தின் நேரத்தை மதிப்பவர் தம் உயிரைக் காத்துக்கொள்கிறார். பார்த்துக் கால் வைப்பவர் அவற்றின் உயிரையும் காக்கிறார்.

பயிற்சி

1. ஓரிடத்தில் வேறுபாடு 6 மீட்டர். வற்றம் காலை 8 மணி. 11 மணிக்குள் நீர் எவ்வளவு உயர்ந்திருக்கும்?

2. இன்றைய வற்றம் காலை 5 மணி 40 நிமிடம். நாளை மறுநாள் அதற்குரிய வற்றம் ஏறத்தாழ எப்பொழுது?

விடை: 1. 3 மீட்டர். 2. காலை 7 மணி 20 நிமிடம்.