கண்ணுக்கு விறைப்பு மருந்து, பயத்துக்கு வார்த்தை

கண் வைத்தியர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: கண்ணில் சத்திர சிகிச்சை செய்யும்போது நோகுமா? மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை செய்கிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதற்கான பதிலைக் கடைசியில் தருகிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. வலது கண்ணில் வெள்ளை முற்றிவிட்டது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் திகதியும் கிடைத்துவிட்டது. "முழுசா மயக்கினாத்தான் வருவன் புள்ள. முழிச்சிருக்கக் கண்ணைக் கழட்ட விடமாட்டன்" என்று பிடிவாதமாக நிற்கிறா. முழு மயக்கம் கேட்கலாமா?
— மகள், கொக்கட்டிச்சோலை

பதில்: முதலில் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். யாரும் கண்ணைக் கழற்றுவதில்லை. கண்ணை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப வைப்பார்கள் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சிகிச்சையே கிடையாது. கண் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓரத்தில் சில மில்லிமீற்றர் அளவுக்கு ஒரு வழி திறந்து, மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, தெளிந்த செயற்கை வில்லையை வைப்பார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

முழு மயக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும், நடுக்கத்தாலோ மறதி நோயாலோ அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் உரியது. 71 வயதில் இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் அந்தச் சுமையைத் தேவையில்லாமல் ஏற்றக்கூடாது. கண்ணை மட்டும் விறைக்க வைத்தாலே போதும்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சொட்டு மருந்து. போட்டவுடன் கொஞ்சம் எரியும், பிறகு கண்ணின் மேற்பரப்பு விறைத்துவிடும். ஆனால் கண் அசையும், தொடுவதும் அழுத்துவதும் தெரியும். இரண்டாவது, கண்ணைச் சுற்றிப் போடும் விறைப்பு ஊசி. பத்து எண்ணும் நேரத்துக்கு ஓர் அழுத்தம் இருக்கும், அதன்பின் நோவும் இல்லை, கண் அசைவதும் இல்லை. மூன்றாவதில் கூர் ஊசி இல்லை. சொட்டு மருந்தால் விறைத்த பிறகு வெள்ளை விழியின் மேற்படலத்தில் சிறு துளை இட்டு, மொட்டைக் குழாய் ஒன்றால் மருந்தை உள்ளே விடுவார்கள். ஊசியால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிவதும், நீண்ட கண் உள்ளவர்களுக்குக் கண்சுவரில் குத்துப்படுவதும் மிக அரிதாக நடக்கக்கூடியவை. கிட்டப்பார்வை கூடியவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டியது இதனால்தான்.

1884க்கு முன்னர் விறைப்பு மருந்தே இல்லாமல், ஆட்கள் பிடித்துக்கொள்ளத்தான் பெரும்பாலும் கண்ணில் கத்தி வைத்தார்கள். அந்த ஆண்டு வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர் கொக்கெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும் விட்டுப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டும் ஒன்றும் உணரவில்லை. உடம்பின் ஒரு பகுதியை மட்டும் விறைக்க வைக்கும் வைத்தியமே கண்ணில்தான் தொடங்கியது. இன்று லிக்னோகெய்ன் போன்ற மருந்துகள் அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்கின்றன.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அம்மா பயந்தால், கிளினிக்கில் அந்தப் பயத்தையே சொல்லுங்கள். மனதைத் தணிக்க இலேசான மருந்து சேர்க்கலாமா என்று மயக்க மருந்து வைத்திய நிபுணர் பார்த்துச் சொல்வார்.

கேள்வி: முதல் கண் செய்தபோது ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மற்றக் கண்ணைச் செய்தார்கள். இம்முறை நொந்தது. மருந்தைக் குறைத்துவிட்டார்களோ?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி

பதில்: மருந்தைக் குறைத்திருக்கமாட்டார்கள். இரண்டாவது கண்தான் கூட நொந்தது என்று பல நாடுகளிலும் நோயாளர்கள் சொல்கிறார்கள், ஆய்வுகளிலும் அது பதிவாகியிருக்கிறது. முதல் தடவை நீங்கள் பெரிய நோவை எதிர்பார்த்துப் போனீர்கள். அது வரவில்லை என்றதும் "ஒன்றுமே இல்லை" என்று மனதில் பதிந்துவிட்டது. இரண்டாம் தடவை அந்த "ஒன்றுமே இல்லை"யை எதிர்பார்த்துப் படுத்தீர்கள். பயம் குறைந்திருந்ததால் கவனம் கூடியது, ஒவ்வொரு தொடுகையும் தெரிந்தது. இரண்டாவது கண்ணுக்குப் போகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லிவைப்பது எங்கள் கடமை. நடுவில் நொந்தால் பொறுத்துக்கொண்டு படுக்கத் தேவையில்லை. தலையை அசைக்காமல் "நோகுது" என்று வாயால் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து விடலாம்.

கேள்வி: உம்மாவுக்குக் கண் செய்யும்போது நீலமும் சிவப்புமாக நிறங்கள் அசைந்தனவாம், ஏதோ ஆயுதம் வருவதும் தெரிந்ததாம். பயந்துபோய்விட்டா. விறைப்பு சரியாகப் பிடிக்கவில்லையா?
— மகன், காத்தான்குடி

பதில்: விறைப்பு சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நோவை நிறுத்தும் மருந்து பார்வையை முழுதாக நிறுத்திவிடாது. சொட்டு மருந்தில் பார்வை அப்படியே இருக்கும். ஊசி போட்டாலும் பலருக்கு வெளிச்சமும் நிறமும் அசைவும் தெரியும். வாவிக்குள் மூழ்கி, கண்ணைத் திறந்து மேலே வெயிலைப் பார்ப்பதுபோல என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். சிலருக்கு அது அழகாக இருக்கும், சிலருக்குத் திகிலாக இருக்கும். சிங்கப்பூர்க் கண் வைத்தியர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். "இப்படித் தெரியலாம், பயப்பட ஒன்றுமில்லை" என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் பயம் குறைவாக இருந்தது. உங்கள் உம்மாவுக்கு யாரும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. மற்றக் கண்ணுக்குப் போகுமுன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் வாவியில் தோணியில் போய்த் தொழில் செய்பவன். கண்ணில் சதை வளர்ந்து கருவிழிவரை வந்துவிட்டது. வெட்டினால் எத்தனை நாள் நோகும்? எப்போது தொழிலுக்குப் போகலாம்?
— மீனவர், திமிலைதீவு

பதில்: தண்ணீரில் தெறிக்கும் வெயில், காற்று, உப்பு ஆகிய மூன்றையும் வருடக்கணக்காகக் கண்ணில் வாங்கும் தொழில் உங்களுடையது. வாவிக்கரையில் இந்தச் சதை வளர்ச்சியை நாங்கள் அடிக்கடி காண்பதற்கு அதுதான் காரணம். சொட்டு மருந்து போட்டு, சதைக்கு அடியில் சிறு விறைப்பு ஊசி ஏற்றி அதை அகற்றுவோம். வெட்டிய இடத்தில் உங்கள் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்தே மெல்லிய தோல் எடுத்து ஒட்டினால் திரும்ப வளர்வது குறையும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வெட்டும்போது நோகாது. அன்றிரவு விறைப்பு விட்ட பிறகு நோகும், கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தும். கருவிழியின் மேல்தோல் ஆறும்வரை சில நாட்களுக்கு அப்படித்தான் இருக்கும். தந்த குளிசையை நோவு தொடங்குமுன்னரே போட்டுவிடுங்கள். வாவித் தண்ணீர் கண்ணில் படாமல் சில வாரங்கள் இருக்கவேண்டும், சரியான நாளை உங்கள் வைத்தியரே சொல்வார். திரும்பத் தொழிலுக்குப் போகும்போது விளிம்பு அகன்ற தொப்பியும் வெயில் கண்ணாடியும் இல்லாமல் தோணியில் ஏறாதீர்கள்.

கேள்வி: சத்திர சிகிச்சைக்கு வருமுன் நாங்கள் என்னென்ன சொல்லவேண்டும்?
— வாசகர், ஏறாவூர்

பதில்: இரத்தம் இளக்கும் குளிசை எடுத்தால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். சிறுநீர்ப் பிரச்சினைக்கு ஆண்கள் எடுக்கும் டாம்சுலோசின் கண்மணியைச் சுருங்கவைக்கும், அதையும் சொல்லுங்கள். பிரஷர், சீனிக் குளிசைகளை அன்று காலை எப்படி எடுப்பது, சாப்பிடலாமா என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இருமல், முதுகு நோ, மூடிய இடத்தில் மூச்சு முட்டும் பயம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் அரை மணித்தியாலம் மல்லாந்து படுத்துப் பழகிப் பாருங்கள். முகத்தின்மேல் பச்சைத் துணி போடுவார்கள், ஆனால் அதற்குக் கீழே காற்று வர வழி இருக்கும். இருமல் வந்தால் முதலில் சொல்லுங்கள், பிறகு இருமுங்கள்.

கேள்வி: சத்திர சிகிச்சைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சிகிச்சை நன்றாக நடந்தது என்று நாங்கள் திருப்தியாக இருப்போம். நோயாளரைக் கேட்டாலும் "நல்லம் மிஸ்" என்றுதான் சொல்வார்கள். வெளியே போய் வேறு மாதிரிச் சொல்கிறார்களாம். உண்மையான திருப்தியை எப்படி அறிவது?
— தாதி, மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. எங்கள் ஆட்கள் வைத்தியசாலையில் மரியாதைக்காக எல்லாவற்றையும் "நல்லம்" என்பார்கள். இலவசமாகக் கிடைத்த சிகிச்சையில் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்றும் நினைப்பார்கள். அதனால் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். குளிர்ந்ததா? நொந்ததா? பயந்தீர்களா? இதே விறைப்பு முறை திரும்பவும் வேண்டுமென்பீர்களா? இப்படித் தனித்தனியாகக் கேளுங்கள். அமெரிக்காவில் 1997இல் வெளியான அயோவா அளவுகோல் செய்வதும் இதைத்தான். விழித்திருந்து சிகிச்சை பெற்றவர்களிடம் அது 11 வசனங்களைத் தந்து ஒவ்வொன்றோடும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்கிறது. இயலுமானால் செய்தவர் கேட்கவேண்டாம், இன்னொருவர் கேட்கட்டும்.

வைத்தியரின் திருப்தி வேறு, நோயாளரின் திருப்தி வேறு என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒருநாள் பச்சைத் துணிக்குக் கீழே படுத்திருந்த வயதான கமக்காரர் ஒருவரின் கையைத் தாதி பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ எடுக்க அவர் கையை விட்டுவிட்டு அப்பால் போனார். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உடனே தெரிந்தது. அதுவரை குளத்துத் தண்ணீர்போல நின்ற கண் அலையத் தொடங்கியது. "ஐயா, நாங்க இங்கதான் இருக்கம், இன்னும் அஞ்சு நிமிசம்" என்றேன். தாதி திரும்பி வந்து கையைப் பிடித்தார். கண் நின்றது. சொட்டு மருந்து நோவை நிறுத்தியிருந்தது, கண்ணை நிறுத்தியது அந்தக் கை.

மதுரையில் 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. கிராமத்துப் பெண்களைப் பயிற்றி, நோயாளரோடு அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேசுவதையே ஒரு தனி வேலையாக அங்கே வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த ஆட்பலம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் தமிழ் சரளமாக வராத வைத்தியர் ஒருவர் உங்கள் கூடத்துக்கு வந்தால், "கீழே பாருங்க", "இப்ப அழுத்தும்", "முடிஞ்சுது" என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். உங்கள் ஒரு கை சும்மா இருக்கும்போது, அது துணிக்குக் கீழே இருக்கும் அந்தக் கையைப் பிடித்திருக்கட்டும்.