கூடவே இருக்கிறவன் யாருடைய ஆள்?

(வேதபாடம்: 2 இராஜாக்கள் 5:15-27, 6:8-12)



இந்தப் பாடத்தை வாசிக்குமுன்பு வேதத்தைத் திறந்து மேலே சொன்ன இரண்டு பகுதிகளையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஐந்தாம் அதிகாரத்தை நாகமானின் சுகத்திற்காக ஒரு ஞாயிறு எடுப்போம். ஆறாம் அதிகாரத்தை அக்கினிக் குதிரைகளுக்காக இன்னொரு ஞாயிறு எடுப்போம். பைபிள் காலேஜிலும் எனக்கு அப்படித்தான் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் சேர்த்து வாசித்தால் இரண்டிலும் ஒரே கேள்வி நிற்கிறது. கூடவே இருக்கிறவன் யாருடைய ஆள்?

முதலில் ஆறாம் அதிகாரத்தைப் பார்ப்போம். சீரியா ராஜா தன் ஊழியக்காரரோடு உட்கார்ந்து, இன்ன இடத்தில் பாளயம் இறங்கலாம் என்று திட்டம் போடுகிறான். போய்ப் பார்த்தால் இஸ்ரவேல் ராஜா உஷாராகிவிட்டான். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பல தடவை. சீரியா ராஜாவின் இருதயம் கலங்கிப்போயிற்று. உடனே அவன் கேட்டது என்ன? நம்மில் எவன் அந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குச் சொல்லமாட்டீர்களா என்று கேட்டான். அவனுக்கு வந்த முதல் சந்தேகம் எதிரியின் மேல் வரவில்லை, சொந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் மேல் வந்தது. பாவம், அந்த அறையில் துரோகி ஒருவனும் இல்லை. தேவன் எலிசாவுக்கு வெளிப்படுத்தினார், அவ்வளவுதான்.

ஆனால் ராஜாவின் பயம் வீண் பயம் என்று நாம் சிரிக்கவும் முடியாது. நம் தேசத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன்.

1985-ம் வருஷம் ஜனவரி மாதம். இந்திரா காந்தி அம்மையார் கொலையுண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராஜீவ் காந்தி தேர்தலில் ஜெயித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. டெல்லியில் கூமர் நாராயண் என்பவரை உளவுத்துறை பிடித்தது. தனியார் கம்பெனி ஒன்றின் டெல்லி ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர். ஒரு காலத்தில் அரசாங்கத்திலேயே ஸ்டெனோவாக இருந்தவர். இவர் எந்த மதிலும் ஏறிக் குதிக்கவில்லை, எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பிரதமர் அலுவலகத்திலும் பாதுகாப்பு இலாகாவிலும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற, டைப் அடிக்கிற, அலமாரிச் சாவி வைத்திருக்கிற ஆட்களைச் சிநேகிதம் பிடித்துவைத்திருந்தார். ஃபைல் வெளியே வரும், ஜெராக்ஸ் எடுப்பார்கள், பழைய இடத்துக்கே திரும்பப் போய்விடும். கைமாறாகப் பணம். சில பேருக்கு விஸ்கி பாட்டில். அந்த ஜெராக்ஸ் தாள்கள் அந்நிய தேசத்துத் தூதரகங்களுக்குப் போயின. இது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில் நடந்தது.

பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்தவர் பி.சி. அலெக்சாண்டர். அவர் எடுத்துக் கொடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தன் அலுவலகத்து ஊழியர் அதில் சிக்கினபடியால் பொறுப்பை ஏற்று ராஜினாமா செய்தார். 1988-ல் நம்ம தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்தாரே, அவர்தான். வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று. 2002-ல்தான் டெல்லி நீதிமன்றம் முன்னாள் அரசு ஊழியர் 13 பேருக்குப் பத்து வருஷம் கடுங்காவல் கொடுத்தது. அதற்குள் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. கூமர் நாராயண் தீர்ப்பைப் பார்க்காமலே செத்துப்போனார்.

காஞ்சிபுரத்து ஜனங்களுக்கு இதை வேறு விதமாகச் சொன்னால் உடனே புரியும். முதலாளி நெசவாளிக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொடுக்கும்போது நிறுத்துக் கொடுக்கிறார். புடவை வந்ததும் திரும்ப நிறுத்துப் பார்க்கிறார். எடை குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கிறார். பட்டு திருட்டுப்போனால் தராசு சொல்லும். ஆனால் அதே தறியில் புதுசாய் ஏறியிருக்கிற டிசைனை, கோர்வைக்கு உட்கார்ந்த பையன் பார்த்து அடுத்த தெருவில் போய்ச் சொன்னால் எந்தத் தராசு சொல்லும்? தறி அங்கேயே இருக்கும், அட்டை அங்கேயே இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே முந்தி வேறு கடையில் தொங்கும்போதுதான் முதலாளி வயிற்றில் அடித்துக்கொள்வார். இரகசியத் திருட்டு இப்படிப்பட்டது. அலமாரி நிறைந்தே இருக்கும். டெல்லியில் அத்தனை வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் போனதற்கு இதுவே காரணம். காலையில் ஃபைல் இருந்த இடத்தில் இருந்தது!

இப்போது ஐந்தாம் அதிகாரத்துக்கு வாருங்கள். கேயாசி எலிசாவின் வேலைக்காரன். கதவுக்கு உள்ளே இருக்கிறவன். தீர்க்கதரிசி எதை வாங்கினார், எதை மறுத்தார் என்பது அவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். நாகமான் கொண்டுவந்த காணிக்கையை எலிசா தொடவில்லை. கேயாசி பின்னாலே ஓடுகிறான். அவன் கேட்டது ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுவஸ்திரங்களும். சீரியாவின் படைத்தலைவனுக்கு இது சில்லறை. கேட்டதற்கு மேலே இரண்டு தாலந்தாகக் கொடுத்து அனுப்புகிறான். நான் இதை வாசிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு துணியின் மேலேயே கண் நிற்கும். துணி நெய்கிற ஊர்க்காரன் அல்லவா!

அவன் எதை விற்றான் தெரியுமா? எஜமானுடைய பெயரை விற்றான். எலிசா அனுப்பினதாகச் சொன்னான். நாகமான் நம்பினதற்கு ஒரே காரணம், இவன் உள்ளே இருக்கிற ஆள். வெளியாள் வந்து கேட்டிருந்தால் கால்காசு பெயர்ந்திருக்காது. வாங்கினதை வீட்டிலே ஒளித்துவைத்து, கூட வந்தவர்களை அனுப்பிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல எஜமான் முன்னே வந்து நிற்கிறான். எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை என்கிறான். காலையில் ஃபைல் அலமாரிக்குத் திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா?

கேயாசி எழுந்த அன்றைக்கே துரோகியாக எழுந்திருக்கமாட்டான். இத்தனை வருஷம் உழைத்தோமே, நமக்கு என்ன மிஞ்சியது என்ற கசப்பு முதலில் வந்திருக்கும் என்பது என் எண்ணம். நாகமான் சீரியன்தானே, அவனிடம் வாங்கினால் என்ன என்று ஒரு நியாயமும் அவனே சொல்லிக்கொள்கிறான், 20-ம் வசனத்தில் பாருங்கள். ஒற்றர்களை அனுப்புகிறவர்கள் இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடுவார்கள். கடன்பட்டவன், பதவி உயர்வு கிடைக்காமல் மனம் நொந்தவன், குடிக்கு அடிமையானவன், யாராவது நம்மைப் பெரிய மனிதனாக மதிக்கமாட்டார்களா என்று ஏங்குகிறவன். முதலில் கேட்பது இரகசியமே அல்ல. ஒரு டெலிபோன் டைரக்டரி, ஒரு சர்க்குலர், ஒன்றுக்கும் உதவாத ஒரு தாள். வாங்கினதற்கு ஒரு கவர். இரண்டாம் முறை மறுத்தால், முதல் கவரைச் சொல்லியே மிரட்டலாம். இந்தக் காலத்தில் அதற்கு ஜெராக்ஸ்கூட வேண்டாம். அழகான பெண் படத்தோடு பேஸ்புக்கில் ஒரு நட்பு அழைப்பு வருகிறது, பட்டாளத்தில் இருக்கிற தம்பி பதில் போடுகிறான். கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்ப எத்தனை நொடி?

நம்ம குடும்பங்களிலும் கல்பாக்கத்தில், ஆவடியில், பட்டாளத்தில், கலெக்டர் ஆபீஸில் வேலைசெய்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சொல்லுகிறேன். 1923-ம் வருஷத்து அரசு இரகசியச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. இராணுவ விஷயமானால் பதினாலு வருஷம் வரைக்கும் சிறை. ஆபீஸில் ஒரு விதி உண்டு அல்லவா, பதவி பெரிசாய் இருந்தாலும் அந்த வேலைக்குத் தேவைப்படாதவர் அந்த ஃபைலைப் பார்க்கக்கூடாது என்று. அதைக் கேலி பண்ணாதேயுங்கள். பெற்றோரே, மாப்பிள்ளை என்ன செய்கிறார், எங்கே போயிருக்கிறார் என்று ஊரெல்லாம் பெருமை பேசாதேயுங்கள். அதற்காக லஞ்சத்தையும் அநியாயத்தையும் மூடிவைப்பதை இரகசியம் காப்பது என்று நினைக்கவேண்டாம். அதைக் கேட்க 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமே வந்திருக்கிறது. அது வேறு, இது வேறு.

இன்னொரு பக்கமும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

1994-ம் வருஷம் நான் பள்ளிக்கூடப் பையன். நவம்பர் 30-ம் தேதி இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கேரளா போலீஸ் கைது செய்தது. நாகர்கோவிலில் பிறந்த தமிழர், திரவ எரிபொருள் ராக்கெட் என்ஜினுக்காக உழைத்தவர். என்ஜின் இரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் மூலமாகப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்று குற்றச்சாட்டு. டீக்கடையில் பெரியவர்கள் பேப்பரைச் சத்தமாய் வாசிப்பார்கள். தேசத்துரோகி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நானும் நம்பினேன். யாரும் எங்களை நம்பச் சொல்லி வற்புறுத்தவில்லை, கதை ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பது நாள் சிறையில் இருந்தார். 1996-ல் சி.பி.ஐ. விசாரித்து, குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை கொடுத்தது. 1998-ல் சுப்ரீம் கோர்ட் மறு விசாரணையையும் ரத்து செய்தது. 2018-ல் அதே கோர்ட், அந்தக் கைது தேவையே இல்லாதது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2019-ல் பத்மபூஷண். கைது செய்யப்பட்ட அன்று அவருக்கு 52 வயது, நஷ்டஈட்டுத் தீர்ப்பு வரும்போது 76. விற்றதாகச் சொன்ன கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அப்போது நம் தேசத்திடம் கைக்கே வரவில்லை. நாமே செய்த அந்த என்ஜின் ஜி.எஸ்.எல்.வி.யை வெற்றியாய்த் தூக்கினது 2014 ஜனவரியில்தான்!

சீரியா ராஜாவின் அறையை இப்போது திரும்ப நினைத்துப்பாருங்கள். துரோகி இல்லாத அறையில் துரோகியைத் தேடுகிறான். 12-ம் வசனத்தில் ஒருவன் எழுந்து, அப்படி இல்லை, என் ஆண்டவனாகிய ராஜாவே என்று சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எத்தனை தலை உருண்டிருக்கும்? அவன் பெயர்கூட வேதத்தில் இல்லை. ராஜா கொதித்துக்கொண்டிருக்கும்போது வாய் திறந்து மற்றவர்களைக் காப்பாற்றினான். 1994-ல் அந்த டீக்கடையில் அப்படி ஒருவர் இல்லை. எலிசாவோ கேயாசியைச் சந்தேகத்தில் பிடிக்கவில்லை. அறிந்து கேட்டான், அவன் பதில் சொல்ல இடமும் கொடுத்தான். பரிசுத்த ஆவியானவர் உணர்த்துகிறதற்கும் நம்முடைய ஊகத்திற்கும் எவ்வளவு தூரம்! நம் சபைகளில் ஊகத்தையே தரிசனம் என்று சொல்லிவிடுகிறோம்.

இதை எழுதுகிற எனக்கு ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சகோதரி கண்ணீரோடு தன் வீட்டுக் காரியம் ஒன்றை என்னிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்டார்கள். நான் ஒற்றன் அல்ல, காசு வாங்கவில்லை. ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்கும்போது, பெயர் சொல்லாமல் "எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில்" என்று அதை உதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். நல்ல செய்தி என்றார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின ஊர் நம்ம ஊர், எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகவில்லை. அது எந்தத் தெரு, என்ன காரியம் என்று இங்கேயும் எழுதமாட்டேன். எழுதினால் அதே பாவத்தை இரண்டாம் முறை செய்தவனாவேன்.

கேயாசி வாங்கினது இரண்டு மாற்றுவஸ்திரம். நான் வாங்கினது "நல்ல செய்தி, பாஸ்டர்" என்ற ஒரு வார்த்தை.

அவர்கள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி எங்களை உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார்கள். மன்னித்துவிட்டேன் பாஸ்டர் என்றும் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஜெபக்குறிப்பும் என்னிடம் சொன்னதில்லை. ஆராதனைக்கு வருகிறார்கள், கடைசி வரிசையில் உட்காருகிறார்கள், ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுகிறார்கள்.