பரம்பைத் தூக்கிய நாலு சங்கிலி

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மணிமங்கலம் போகும் சாலையில், மனைக் கற்களுக்கு நடுவே நெல் விளைகிற நிலம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அங்கே எங்களுக்கு மூன்று துண்டாக இரண்டரை ஏக்கர். அப்பா காலத்தில் வரப்பு வழியாகவே ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். இப்போது நடுவில் தார்ச்சாலையும் வீடுகளும் வந்துவிட்டன.

எங்கள் பக்கம் ஆடியில் புழுதி விதைப்பு. காய்ந்த நிலத்தில் நெல்லைத் தூவிவிட்டு, மழை பெய்து ஏரிக்குத் தண்ணீர் வந்த பிறகு நஞ்சையாக மாற்றிக்கொள்வோம். விதைத்த கையோடு பல் பரம்பு ஓட்டினால்தான் கட்டி உடையும், விதை மேலாக மூடும். ரொம்ப ஆழத்துக்குப் போனால் முளைக்காது, மூடாமல் விட்டால் புறாவும் மைனாவும் தின்றுவிடும். கலப்பையோ ரோட்டாவேட்டரோ செய்ய முடியாத வேலை இது.

எங்கள் பரம்பு ஆறடி அகலம், நாலடி நீளம். ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் கீழ்நோக்கிப் பற்கள் வைத்துப் பற்றவைத்தது. எடை 120 கிலோ. டிராக்டருக்குப் பின்னால் இரண்டு சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதற்கென்று லிஃப்ட் கிடையாது. அருகும் கோரையும் பல்லில் சிக்கி உருண்டையாகச் சேரும்போது, பின்னால் நடந்து வரும் ஆள் சட்டத்தைத் தூக்கி உதற வேண்டும். தார்ச்சாலையைக் கடக்க நாலு பேர் பிடித்து டிரெய்லரில் ஏற்றி இறக்க வேண்டும். ஒரு ஆடியில், எங்களோடு இருபது வருடமாக வேலை செய்யும் பெரியவர் புல்லை உதறும்போது சட்டம் கைநழுவி, ஒரு பல் அவர் பாதத்தில் இறங்கிவிட்டது. ஆறு வாரம் அவரால் நடக்க முடியவில்லை. இனி பரம்பை யாரும் கையால் தூக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இழுக்கும் சங்கிலியை டிராக்டரின் இரண்டு கீழ்க் கைகளுக்கு நடுவே போட்ட குறுக்குக் கம்பியில் மாட்டி, லிஃப்டைத் தூக்கிப் பார்த்தேன். பரம்பின் முன்பக்கம் எழும்பியது, பின்பக்கப் பற்கள் தரையிலேயே கிடந்தன. கைகளின் முனை மேலே போவது ஏறத்தாழ இரண்டடி. அதில் பாதி சங்கிலியின் தொய்வை எடுப்பதிலேயே போய்விடுகிறது. நாலடி நீளச் சட்டத்தை முன்னால் மட்டும் பிடித்துத் தூக்கினால் அது கோணலாகத்தான் எழும்பும். பின்பக்கத்துக்கும் ஒரு பிடி வேண்டும்.

அடுத்து, குறுக்குக் கம்பியின் மேல் முக்கோணமாக ஒரு சட்டம் நிறுத்தி, அதன் உச்சியை டிராக்டரின் மேல் கையான டாப் லிங்கில் மாட்டி, அதிலிருந்து பின்னோக்கி நாலடிக்கு ஒரு கனத்த பைப்பை நீட்டினோம். பைப்பின் நுனியிலிருந்து ஒரே சங்கிலி பரம்பின் நடுவுக்கு. வயலில் அழகாகத் தூக்கியது. ஆனால் சாலையில் திரும்பும்போது பரம்பு ராட்டினம் போலச் சுற்றி, ஒரு பல் பின் டயரின் பக்கவாட்டை உரசிக்கொண்டு போனது. நல்லவேளை, கிழியவில்லை.

“ஒரு புள்ளியில மாட்டினா சுத்தத்தான் சார் செய்யும். ஊஞ்சலுக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் சங்கிலி போடுறாங்க?” என்றார் பட்டறைத் தம்பி. பைப்பின் நுனியில் மூன்றடிக்குக் குறுக்குக் கட்டை ஒன்றைப் பற்றவைத்து, அதன் இரு முனையிலிருந்தும் பரம்பின் பின் மூலைகளுக்கு இரண்டு சங்கிலி, முன் மூலைகளுக்கு இரண்டு சங்கிலி என்று நாலாகப் போட்டுக் கொடுத்தார். இப்போது பரம்பு கட்டில் போலச் சமமாக எழும்புகிறது. கீழ்க் கைகள் இடவலமாக ஆடாமல் இருக்க டிராக்டரிலேயே பக்கச் சங்கிலிகள் உண்டு. சாலையில் இறங்கும் முன் அவற்றையும் இறுக்கிவிடுகிறேன்.

தூக்கும் சங்கிலியின் நீளத்தைக் கவனமாக வைக்க வேண்டும். பரம்பு வேலை செய்யும்போது நாலும் இரண்டு மூன்று அங்குலம் தொய்வாகக் கிடக்க வேண்டும். இறுகிப் பிடித்தால் டிராக்டர் மேட்டில் ஏறும்போதெல்லாம் பரம்பும் தரையை விட்டு எழும்பி, அங்கங்கே விதை மூடாமல் கிடக்கும். பரம்பை இழுப்பது வேறு சங்கிலி, தூக்குவது வேறு சங்கிலி. இரண்டு வேலையையும் ஒரே சங்கிலியிடம் கொடுக்கக் கூடாது.

இழுக்கும் சங்கிலி எப்போதும் கீழ்க் கைகளின் உயரத்தில், பின் அச்சுக்குக் கீழேயே இருக்கட்டும். தொய்வு குறையும் என்று சிலர் அதை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அச்சுக்கு மேலிருந்து இழுத்து, பரம்பு ஒரு வேரில் மாட்டிக்கொண்டால், முன் சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். முதல் உலகப் போர்க் காலத்தில் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்கள் கலப்பை கல்லில் மாட்டினால் இப்படிக் கவிழ்ந்து பலரைக் கொன்றிருக்கின்றன. வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்குத் தேடிக் கண்ட தீர்வுதான் இரண்டு கீழ்க் கை, மேலே ஒரு கை என்ற அமைப்பு. 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் அது வந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, அவர் பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்குசன் வண்டிகளைத்தான் நமக்குக் கொடுத்தது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் அந்த மூன்று கைகளைப் பார்க்கலாம்.

எடைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். என் வண்டியில் பரம்பு தொங்கும் இடம் பின் அச்சிலிருந்து ஏழடி. முன் சக்கரம் ஆறடி. அதனால் 120 கிலோ தொங்கினால் முன் சக்கரத்தின் மேலுள்ள பாரம் சுமார் 140 கிலோ குறைகிறது. மழை பெய்து களிமண் அப்பிக்கொண்டால் இன்னும் குறையும். வரப்பேறும்போது ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று கைக்குத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. நான் முன்பக்கம் மாட்டும் வார்ப்பு எடைகளை வாங்கிப் போட்டேன். பரம்பு தூக்கியிருக்கும்போது வரப்பை நேராக, மெதுவாக ஏறுகிறேன்.

தூக்கிய பரம்புக்குக் கீழே கையையோ காலையோ விடவே கூடாது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தால் எஞ்சின் நின்ற பிறகு லிஃப்ட் தானாக இறங்கும். புல்லை எடுக்க வேண்டுமானால் பரம்பைத் தரையில் இறக்கி, வண்டியை அணைத்துவிட்டு, நீளமான கொக்கியால் இழுக்கிறோம். பெரும்பாலும் அதற்கே வேலை இருப்பதில்லை. வயல் ஓரத்தில் லிஃப்டைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினால் உருண்டை தானாக விழுந்துவிடுகிறது. மாடு கட்டிய காலத்தில் பரம்பின் மேல் ஆள் ஏறி நிற்பது வழக்கம். டிராக்டருக்குப் பின்னால் அது வேண்டாம். பாரம் போதவில்லை என்றால் மண் மூட்டையைக் கட்டுங்கள்.

கயிறு, கட்டுக்கம்பி எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. எட்டு மில்லிமீட்டர் சங்கிலி, திருகி மூடும் கொக்கி, பின் கழன்று விழாமல் இருக்க லிஞ்ச் பின். பைப்பும் முக்கோணச் சட்டமும் பழைய இரும்புக் கடையில் எடுத்தவை. பட்டறைக் கூலியோடு சேர்த்து ஆன மொத்தச் செலவை, ஒரு விதைப்பு நாளுக்கு நாலு ஆள் வைக்கும் செலவு இரண்டு வருடத்தில் தாண்டிவிடும்.

பெரியவர் இப்போது வரப்பில் நின்று, எந்த இடத்தில் விதை மூடவில்லை என்று கை காட்டுகிறார். பின் சங்கிலிகள் இரண்டிலும் கொக்கி உரசும் கண்ணி பாதி தேய்ந்திருப்பதைப் போன வாரம் கண்டுபிடித்ததும் அவர்தான். ஆடி பிறப்பதற்குள் இரண்டையும் மாற்ற வேண்டும்.